வீட்டுப் பொருள்களை நாமே பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொட்டும் குழாய், சுற்ற மறுக்கும் மின்விசிறி, ஆடும் நாற்காலி, சூடாகாத இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைத் தூக்கிப் போடலாமா, சரிசெய்யலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலான வீட்டுப் பொருள்களில் தேய்வதற்கென்றே சில சிறிய உறுப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. குழாயின் வாஷர், மோட்டாரின் கார்பன் பிரஷ், குளிர்பதனப் பெட்டிக் கதவின் ரப்பர்ப் பட்டை போன்றவை தேயும், மாற்றப்படும் என்று எதிர்பார்த்தே பொருள் வடிவமைக்கப்படுகிறது. அந்த உறுப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பதில் பெரிய வேலை; மாற்றுவது பெரும்பாலும் சிறிய வேலை.

ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன், அந்தப் பொருள் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்லிப் பாருங்கள். "துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுவிட்டது" என்பது எதையும் சொல்லவில்லை. "தண்ணீர் நிரம்புகிறது, துவைக்கிறது, ஆனால் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிடுகிறது" என்று சொல்லும்போதே மோட்டார், மின்னணுப் பலகை, நீர் வரும் வால்வு ஆகிய மூன்றும் நன்றாக இருக்கின்றன என்பதும், வடிகட்டியிலோ வெளியேற்றும் பம்பிலோதான் கோளாறு என்பதும் தெரிந்துவிடுகிறது.

அடுத்து, எளிதில் சோதிக்கக்கூடியவற்றை முதலில் சோதியுங்கள். சுவரில் உள்ள சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று வேறொரு விளக்கைச் செருகிப் பார்ப்பது, ஃபியூஸைப் பார்ப்பது, வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றுக்குச் சில நிமிடங்களே ஆகும். மின்வயர்கள் நடுவில் அறுபடுவது அரிது. பிளக்கை ஒட்டியோ, வயர் பொருளுக்குள் நுழையும் இடத்திலோதான், அதாவது திரும்பத் திரும்ப வளையும் இடத்தில்தான், உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் முறிகின்றன. மேலுறை முழுசாக இருப்பதால் அந்த முறிவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றையும் பழுதுபார்த்துத்தான் ஆக வேண்டுமா?

இல்லை. ஆனால் தூக்கிப் போடுவதற்கான காரணம் "பழையதாகிவிட்டது" என்பதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உதிரிப்பாகமும் கூலியும் சேர்ந்து புதுப் பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது தோராயமான கணக்குதான். நாமே செய்யும்போது கூலி இல்லாததால் தராசு பழுதுபார்க்கும் பக்கமே சாயும். உடல் துருப்பிடித்து மெலிந்துபோன வாட்டர் ஹீட்டர், மேலுறை பல இடங்களில் வெடித்த வயர், விரிசல் விட்ட ஏணி ஆகியவற்றைக் கணக்குப் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. பழைய பொருளைக் கொடுத்துவிட்டால் யாரோ அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று நாம் ஆறுதலாக நினைப்பது பெரும்பாலும் நடப்பதில்லை.

என்னென்ன கருவிகள் தேவை?

பெரிய பெட்டி நிறையக் கருவிகள் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று அளவுகளில் தட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட திருப்புளிகள், ஒரு கட்டிங் பிளேயர், திறப்பை மாற்றியமைக்கக்கூடிய ஒரு ஸ்பேனர், சுத்தியல், அளவுநாடா, உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப், மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் ஆகியவை இருந்தால் இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

நட்சத்திர முனையின் அளவில் கவனம் வேண்டும். திருகின் தலைக்குச் சிறிதான முனையை வைத்துத் திருகினால், அது வழுக்கி வழுக்கித் தலையின் பள்ளத்தையே மழித்துவிடும். பிறகு அந்தத் திருகைக் கழற்றுவது, பழுதுபார்ப்பதைவிடப் பெரிய வேலையாகிவிடும். முனை பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். சுற்றுவதற்குக் கொடுக்கும் விசையைவிட உள்நோக்கி அழுத்தும் விசை அதிகமாக இருக்க வேண்டும்.

மின்சாரப் பொருள்களைத் திறப்பதற்கு முன் என்ன பாதுகாப்பு வேண்டும்?

செருகும் பொருளாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, அது கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலோ கூரையிலோ நிலையாகப் பொருத்தப்பட்டதாக இருந்தால், அந்த அறையின் சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் பொருளில் மின்சாரம் இருக்கும். எனவே மெயின் சுவிட்சை அணைத்து, மற்றவர்கள் போட்டுவிடாதபடி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரம் நின்றுவிட்டதா என்று பார்க்கும் டெஸ்டரை நம்புவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். மீண்டும் முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். டெஸ்டரே கெட்டுப்போய் எரியாமல் இருந்தால், மின்சாரம் இல்லை என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மூன்று படிகள்.

ஃபியூஸ் அடிக்கடி எரிந்துபோகிறது என்பதற்காகத் தடித்த கம்பியைப் போடுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஃபியூஸ் எரியாவிட்டால், அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் வயர் சூடேறி எரியும். கசிவு மின்சாரத்தைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் வீட்டில் இல்லையென்றால், பழுதுபார்க்கக் கற்பதற்கு முன் உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

நாம் தொடவே கூடாதவை எவை?

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் உயர் மின்னழுத்தக் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். பழைய பருத்த தொலைக்காட்சிகளின் படக்குழாயும் அத்தகையதே. எரிவாயுக் குழாய்கள், குளிர்பதனப் பெட்டியிலும் ஏசியிலும் வாயு ஓடும் மூடிய சுற்று, உப்பிய லித்தியம் பேட்டரி, கட்டடத்தின் சுமையைத் தாங்கும் சுவரும் உத்திரமும், ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை அறுப்பதும் துளையிடுவதும் ஆகிய அனைத்தும் இந்தப் பட்டியலில் சேரும். உப்பிய பேட்டரியை அழுத்தியோ குத்தியோ பார்க்கக் கூடாது, அது தீப்பற்றும்.

இஸ்திரிப் பெட்டியோ கெட்டிலோ சூடாகவில்லை. எப்படிச் சோதிப்பது?

இதற்கு மல்டிமீட்டர் தேவை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் மின்சாரம் பாயும் இரண்டு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். இஸ்திரிப் பெட்டியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் குமிழை உச்ச அளவுக்குத் திருப்பிவிட்டு அளக்க வேண்டும். குமிழ் அணைந்த நிலையில் இருந்தால், நல்ல பெட்டிகூடக் கெட்டதுபோலக் காட்டும்.

எவ்வளவு ஓம் வர வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, வாட் எண்ணால் வகுத்தால் விடை கிடைக்கும். 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் பெட்டி என்றால், 52,900-ஐ 1000-ஆல் வகுக்க ஏறத்தாழ 53 ஓம் வருகிறது. மீட்டர் அதை ஒட்டிய எண்ணைக் காட்டினால் வயரும் வெப்பச் சுருளும் நன்றாக இருக்கின்றன. எதையும் காட்டாவிட்டால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. வயரைப் பிளக்கின் அருகிலும் பெட்டியின் உடலுக்கு அருகிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள்; எண் தோன்றித் தோன்றி மறைந்தால் வயர்தான் காரணம். வயர் நன்றாக இருந்தால் உள்ளே அளவுக்கு மீறிச் சூடானால் இணைப்பைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சுருள் என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே அளக்க வேண்டும். வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் அதே வெப்ப அளவும் ஆம்பியரும் கொண்ட புதியதைப் போட வேண்டும். அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்பது, வீட்டில் தீ விபத்துக்கு வழி வைப்பதாகும்.

புதிய பிளக்கைப் பொருத்தும்போது எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாகக் கழன்று வருவது அதுவாக இருக்க வேண்டும். கம்பிகளின் முனையில் ஈயப்பற்று வைத்துத் திருகின் கீழ் இறுக்குவது சிலரிடம் உள்ள பழக்கம். ஈயப்பற்று அழுத்தத்தில் மெல்ல விலகிக்கொடுக்கும் என்பதால் சில மாதங்களில் இணைப்பு தளர்ந்து சூடாகும். வெறும் செம்புக் கம்பிகளை முறுக்கி இறுக்குவதே சரி.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது. மோட்டார் எரிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வழக்கமான கூரை மின்விசிறியில் இருக்கும் கெபாசிட்டர், பலர் கன்டென்சர் என்று அழைப்பது, வலுவிழந்திருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றி மெதுவாக நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது, கெபாசிட்டரை மாற்றலாம். கரகரப்புடன் சட்டென்று நின்றால் பேரிங்கில்தான் பழுது.

மெயின் சுவிட்சை அணைத்து, உறுதியான ஏணியில் ஏறி, தண்டை மூடியிருக்கும் கிண்ணத்தை நகர்த்தினால் கெபாசிட்டர் தென்படும். அதன் இரு முனைகளையும் ஒரு மின்தடை வழியாக இணைத்து, மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்று படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட், 3.15 மைக்ரோஃபாரட் என்பதுபோல ஓர் எண்ணும், 440 வோல்ட் என்பதுபோல ஒரு மின்னழுத்த அளவும் அச்சிடப்பட்டிருக்கும். மைக்ரோஃபாரட் எண் அதேயாக இருக்க வேண்டும்; வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். அதிக வேகம் கிடைக்கும் என்று நினைத்துப் பெரிய எண்ணைப் போட்டால் மோட்டாரின் சுருள் சூடேறிக் கெடும். மின்னணுப் பலகையால் இயங்கும் புதிய வகை மின்விசிறிகளுக்கு இந்த வழி பொருந்தாது.

பேரிங்கை மாற்ற நேர்ந்தால் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, அகலம் 11. உலகில் எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவுகள் மாறா. மின்விசிறியைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டாலும் அதன் பேரிங் கிடைக்கும் என்பது எவ்வளவு பெரிய வசதி!

மேசை மின்விசிறியின் இறக்கையைக் கழற்ற முடியவில்லையே?

இறக்கையின் நடுவில் உள்ள மூடிக்கு எதிர்மரை. வலப்புறமாகத் திருகினால்தான் கழலும். சுழலும் வேகத்தில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மிக்ஸியிலும் டிரில்லிலும் தீப்பொறியும் கருகல் வாடையும் வருகின்றன. சரிசெய்ய முடியுமா?

இவற்றில் இருக்கும் மோட்டாரில், சுழலும் செம்புப் பட்டைகளின் மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங் விசையால் அழுந்திக்கொண்டிருக்கும். மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் சுழலும் பகுதிக்குச் செல்கிறது. கார்பன் தேய்ந்து குட்டையாகும்போது ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து தீப்பொறி பெருகும், மோட்டார் விட்டுவிட்டு ஓடும், பிறகு நின்றுவிடும். பல டிரில்களில் பக்கவாட்டில் உள்ள இரண்டு சிறு மூடிகளைத் திருகி எடுத்தாலே பிரஷ் கையில் வந்துவிடும். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது அதன் கூட்டுக்குள் இறுகாமல் வழுக்கிச் சென்றுவர வேண்டும்; சற்றே பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். முதல் சில நிமிடங்கள் சிறு தீப்பொறி இருக்கும். கார்பனின் முனை வளைந்த செம்புக்கு ஏற்பத் தேய்ந்து படிந்ததும் அடங்கிவிடும்.

மிக்ஸி அதிகச் சுமையில் திடீரென நின்றுவிட்டால் அது கெட்டதாகவே இருக்க வேண்டியதில்லை. அடிப்பகுதியில் ஒரு சிறிய பொத்தான் வெளியே துருத்தியிருக்கும். சில நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும்.

குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். இறுக்க இறுக்க உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கி வெட்டுப்படுகிறது. சொட்டுவது அதிகமாகத்தான் ஆகும். இதைச் சிறிய இழப்பு என்று கருத வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளுக்கு 86,400 சொட்டுகள். ஒரு சொட்டைக் கால் மில்லிலிட்டர் என்று கொண்டால் ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் வீணாகிறது.

குழாய் இரு வகைப்படும். மூடுவதற்குப் பல சுற்றுகள் சுற்ற வேண்டியிருந்தால் அது வாஷர் வகை. கால் சுற்றிலேயே மூடிவிட்டால் அதனுள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கும். அதில் வாஷரைத் தேடிப் பயனில்லை, தட்டுகள் அடங்கிய உருளையை முழுதாக மாற்ற வேண்டும். பழையதைக் கையில் எடுத்துச் சென்று உயரம், மரை, பல் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

வாஷர் வகைக்கு வேலை இப்படி: நீர் வரும் வால்வை மூடுங்கள், குழாயைத் திறந்து மிச்ச நீரை வடியவிடுங்கள், திருகுகள் விழுந்துவிடாமல் தொட்டியின் துளையைத் துணியால் அடையுங்கள், கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனருக்கும் குழாய்க்கும் இடையே துணி வைத்துத் தலைப்பகுதியைத் திருகி எடுங்கள். அடியில் இருக்கும் வாஷரை அதே அளவுள்ள புதியதால் மாற்றுங்கள். புதிய வாஷர் போட்ட பிறகும் சொட்டினால், அது போய் அமரும் உலோக விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். சொரசொரப்பாகவோ குழியாகவோ இருந்தால் விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். குழாயின் வாயில் சொட்டாமல் கைப்பிடியை ஒட்டி நீர் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள வளையமோ திணிப்போதான் காரணம்.

டெஃப்லான் டேப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் பொருத்தும்போதே உரிந்துவந்துவிடும். ரப்பர் வாஷரால் அடைபடும் இணைப்புகளுக்கு டேப் தேவையே இல்லை.

கழிப்பறைத் தொட்டியில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதாகச் சந்தேகம். எப்படி உறுதிசெய்வது?

தொட்டி நீரில் சிறிது நிறப்பொடியைக் கலந்துவிட்டு, இருபது நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால், அடியில் உள்ள ரப்பர் மூடி சரியாக அடைக்கவில்லை. அதைத் துடைத்துப் பாருங்கள். விறைத்தோ வளைந்தோ இருந்தால் மாற்றுங்கள். நிறம் தெரியாமல் மேல்வழிக் குழாயில் நீர் வழிந்தால் மிதவையைத் தாழ்த்த வேண்டும்.

கழுவுதொட்டி அடைத்துக்கொண்டால் ரசாயனம் ஊற்றலாமா?

அது முதல் வழியாக இருக்கக் கூடாது. ரசாயனம் ஊற்றியும் அடைப்பு போகவில்லையென்றால், பிறகு குழாயைக் கழற்றுபவரின் கையிலும் கண்ணிலும் தெறிக்கப்போவது அந்தக் காரம்தான். இரண்டு வகை ரசாயனங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுவது அதைவிடக் கேடு. பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

உறிஞ்சு ரப்பரை வைத்து அழுத்துங்கள். ரப்பர் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்க வேண்டும். தொட்டியின் மேல்வழித் துளையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். அதிலும் அசையவில்லையென்றால் கீழே ஒரு வாளியை வைத்து, வளைந்த குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அந்த வளைவில் தேங்கும் நீர்தான் சாக்கடை வாடை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. எனவே அதை நேர்க்குழாயாக மாற்றிவிடாதீர்கள்.

எந்தப் பொருளுக்கு எந்தப் பசை?

ஒட்டிய இடம் மீண்டும் விட்டுப்போவதற்குப் பசையின் தரம் காரணமாவது குறைவு. பொருளுக்குப் பொருந்தாத பசையைத் தேர்ந்தெடுப்பதும், அழுக்கும் எண்ணெயும் இருக்கும் பரப்பில் ஒட்டுவதும், காயும்வரை பொறுக்காததும்தான் காரணங்கள்.

மரத்துக்கு வெள்ளை மரப்பசை போதும். இரு பரப்புகளும் நெருங்கிப் பொருந்தி, கிளாம்பாலோ கயிற்றாலோ இறுக்கி, ஒரு நாள் விட்டால் இணைப்பு மரத்தைவிட வலுவாக இருக்கும். உலோகம், பீங்கான், கல், கண்ணாடி ஆகியவற்றுக்கு இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி ஏற்றது. இரண்டையும் சொல்லப்பட்ட விகிதத்தில்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கெட்டிப்படுத்தும் பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தால், மிஞ்சிய பகுதி வினைபுரியாமல் தங்கி, இணைப்பு மென்மையாகவே இருந்துவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிகூட முழு வலுவை அடைய ஒரு நாள் ஆகும்.

நொடியில் ஒட்டும் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு வேறொன்றைத் தேடும்போது அதைக் கண்டது. 1958-இல் அது விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரப்பதத்தால் அது இறுகுகிறது. அதனால் மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கும். இடைவெளியை நிரப்ப அது உதவாது. அடி விழும் இடத்துக்கும் ஏற்றதன்று. பருத்தித் துணியில் கொட்டினால் கடும் சூடு உண்டாகும் என்பதால் உடையில் படாமல் கவனியுங்கள்.

பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்கு முன் அதன் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4, 5 ஆகிய எண்கள் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் வகைகளைக் குறிக்கின்றன. வாளிகளும் டப்பாக்களும் பெரும்பாலும் இவைதாம். சாதாரணப் பசை எதுவும் இவற்றில் ஒட்டாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு: விரிசலின் நுனியில் ஒரு சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, விரிசலின் இருபுறமும் துளைகளிட்டுக் கம்பியால் தைக்கலாம், அல்லது காற்றோட்டமான இடத்தில் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கலாம். பிவிசி குழாய்க்கு அதற்கென்று உள்ள கரைப்பான் பசையையே பயன்படுத்த வேண்டும். அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது.

செருப்பின் அடிப்பகுதி பிரிந்தால் ரப்பர்ப் பசையை இரண்டு பரப்புகளிலும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன் பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் பலரும் செய்வது; அதனால்தான் அது நிற்பதில்லை.

மர நாற்காலி ஆடுகிறது. ஆணி அடித்தால் போதுமா?

ஆணி அடிக்காதீர்கள். அது சில வாரங்கள் தாங்கும். பிறகு மரத்தைப் பிளந்து, முறையாகச் சரிசெய்யும் வழியையும் அடைத்துவிடும். நாற்காலி ஆடுவதற்குக் காரணம், துளைக்குள் செருகியிருக்கும் கழுந்தின் பழைய பசை உதிர்ந்ததுதான். ஆடும் இணைப்புகளை மெதுவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்து, பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுங்கள். காய்ந்த பழைய பசையின் மேல் புதிய பசை பிடிக்காது என்பதால் இந்தச் சுரண்டலே முழு வேலையிலும் முக்கியமானது. கழுந்து மெலிந்திருந்தால், பசை தடவிய மெல்லிய மரச்சீவலைச் சுற்றிப் பருமனாக்குங்கள். பிறகு பசையிட்டு, நான்கு கால்களும் சமதரையில் படும்படி நிறுத்தி, கயிற்றால் சுற்றி முறுக்கி இறுக்கி ஒரு நாள் விடுங்கள்.

கதவு தரையில் உரசுகிறது.

கீல்களைப் பாருங்கள். மேற்கீலின் திருகுகள் தளர்ந்து, கதவு தன் எடையால் சாய்ந்திருக்கும். திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், துளைக்குள் பசை தடவிய தீக்குச்சிகளை மருந்தை நீக்கிவிட்டு இறுக்கமாகத் திணித்து, காய்ந்ததும் அதிலேயே திருகலாம். அல்லது நீளமான திருகு ஒன்றைப் போடலாம். பெரும்பாலான கதவுகளுக்கு இதுவே போதும்.

ஈரமான பருவத்தில் மட்டும் உரசினால் மரம் உப்பியிருக்கிறது. மரம் தன் நாரின் குறுக்கேதான் உப்பும்; நீளவாக்கில் அந்த அளவுக்கு மாறாது. அப்போதே இழைத்துத் தள்ளிவிட்டால் வறண்ட பருவத்தில் இடைவெளி விழும். காயும்வரை பொறுத்து, தேவையான அளவு மட்டும் இழைத்து, இழைத்த விளிம்பிலும், யாரும் கவனிக்காத மேல், கீழ் விளிம்புகளிலும் வார்னிஷ் பூசுங்கள். ஈரம் உள்ளே நுழைவது அந்த விளிம்புகள் வழியாகத்தான்.

சுவரில் விரிசல். பட்டி பூசி மறைத்துவிடலாமா?

மயிரிழை போன்ற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருவது. அதைச் சற்றே அகலமாகக் கீறி, தூசியைத் தட்டி, ஈரப்படுத்திப் பட்டியால் நிரப்பலாம். செங்கல் வரிசைகளை ஒட்டிப் படிப்படியாக ஏறும் விரிசல், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும் விரிசல், 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல் ஆகியவற்றைப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். எதுவென்று தெரியாவிட்டால் விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் அது கோட்டைத் தாண்டினால் சுவர் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.

ஈரக்கறைக்கும் ஒரு சோதனை உண்டு. அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது, காற்றோட்டம் வேண்டும். உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, கசிவைத் தேட வேண்டும். காரணத்தை அகற்றாமல் மேலே பெயின்ட் அடிப்பது காசைச் சுவரில் பூசுவதுதான்.

குளிர்பதனப் பெட்டியில் நாமே செய்யக்கூடியது என்ன?

வாயுச் சுற்றைத் தவிர மற்றவை. கதவுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பட்டையைச் சோப்பு நீரால் துடைத்து, முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கி நீவினால் பல நேரம் பழைய வடிவத்துக்கு வரும். வெளியே தெரியும் பின்புறச் சுருளின் தூசியை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூரிகையால் அகற்றுங்கள். உள்ளே அடியில் நீர் தேங்கினால் பின்சுவரில் உள்ள சிறு வடிதுளை அடைத்திருக்கும். உறைந்த பனியைக் கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. ஒரே குத்தில் குழாய் ஓட்டையாகிவிடும்.

உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்றால்?

முதலில் பொருளின் பெயர்ப்பலகையில் உள்ள முழு மாதிரி எண்ணையும் பாகத்தின் மேல் உள்ள எண்ணையும் கொண்டு தேடுங்கள். அடுத்ததாக, அதே மாதிரியின் கெட்டுப்போன மற்றொரு பொருளிலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

சட்டங்களும் மெல்ல மாறி வருகின்றன. பிரான்சில் 2021 முதல் சில மின்னணுப் பொருள்களை விற்கும்போது, அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்ற மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும். பழுதுபார்ப்பதை ஊக்குவிக்கும் ஆணையை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றியது. உறுப்பு நாடுகள் அதைச் செயல்படுத்த வேண்டிய நாள் 2026 ஜூலை 31. தனியாகச் செய்யத் தயங்குபவர்களுக்கு, மார்ட்டின் போஸ்ட்மா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய "ரிப்பேர் கஃபே" வழிகாட்டுகிறது. பழுதான பொருளுடன் வந்து, தெரிந்தவர்களின் உதவியோடு உடன் அமர்ந்து சரிசெய்துகொள்ளும் இத்தகைய கூடல்கள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. இனி எதையேனும் வாங்கும்போது, திருகால் மூடியதா, பசையால் ஒட்டியதா என்று திருப்பிப் பாருங்கள். அந்தப் பொருள் எவ்வளவு காலம் உங்களோடு இருக்கும் என்பதை அது ஓரளவு சொல்லிவிடும்.

பிரித்ததைத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுங்கள். பொருளின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒரே பொருளில் வெவ்வேறு நீளத் திருகுகள் இருக்கும், நீளமானதைத் தவறான இடத்தில் போட்டால் உள்ளிருக்கும் பலகையைத் துளைத்துவிடும். பிளாஸ்டிக்கில் திருகைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்புறமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய மரையில் அது இறங்குவது விரலுக்குத் தெரிந்ததும் வலப்புறம் திருப்புங்கள். இல்லையென்றால் திருகு புது மரையை வெட்டிக்கொண்டு, சில முறைக்குப் பிறகு பிடிப்பே இல்லாமல் போய்விடும்.

சரிசெய்த பொருளை உடனே பயன்படுத்தலாமா?

நீர் இணைப்பு என்றால் வால்வை மெல்லத் திறந்து, இணைப்பின் கீழ் உலர்ந்த தாளை விரித்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும். உலோக உடலுள்ள மின்பொருள் என்றால், செருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் இரண்டு அளவுகளை எடுங்கள். பிளக்கின் எர்த் முனைக்கும் உடலுக்கும் இடையே மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். மற்ற இரண்டு முனைகள் ஒவ்வொன்றுக்கும் உடலுக்கும் இடையே, சுவிட்சைப் போட்ட நிலையில், மீட்டர் எந்தத் தொடர்பையும் காட்டக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் பொருளைச் செருகாதீர்கள். மீண்டும் திறந்து பாருங்கள், அல்லது அறிந்தவரிடம் கொடுங்கள். சோதனையில் தேறிய பொருளையும் முதல் அரை மணி நேரம் அருகிலிருந்தே ஓடவிட்டு, பிறகு பிளக்கைப் பிடுங்கி அதன் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். அவை சூடாக இருந்தால் இணைப்பு எங்கோ இன்னும் தளர்வாக இருக்கிறது.